அப்பாவின் கப்சாய் மீண்டும் சிவந்தது

ஜார்ஜ்டவுன் லெபோ ஆ குவீயில், சுவரோவியப் பையன் அமர்ந்திருக்கும் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரேவிச் 2012-இல் படைத்தது. பையன் ஓவியம், வண்டி நிஜம்! அதைக் காணும்போதெல்லாம், எங்கள் வாசலில் வெளுத்து நின்ற அப்பாவின் சிவப்பு கப்சாய்தான் நினைவுக்கு வரும்.

"புதுச் சாயம் அடிச்சிடலாம்பா" என்றேன். "அது நான் ஆசைப்பட்டு வாங்குன கலரு" என்றார்.

வண்டியை விரலால் தடவினேன். மாவு போல ஒட்டியது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தைப் பிணைக்கும் பிசினைச் சிதைப்பதால், நிறத்தூள் மேலே தங்கிவிடுகிறது. அடியில் பெரும்பாலும் பழைய நிறம் இருக்கும்.

சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மறைவான ஓரிடத்தில் பாலிஷ் போட்டுப் பார்த்தோம். துணி சிவந்தது. பயம் வேண்டாம், மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத பழைய வண்டிகளில் சாயமே துணியில் வரும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் சாயம் மெலியும்; விளிம்புகளில் அழுத்தாதீர்கள். கடைசியாக மெழுகு பூசுங்கள். பூச்சு உரிந்திருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ பாலிஷ் உதவாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அன்று மாலை அப்பா வண்டியை எடுத்தார். பக்கத்துக் கடைக்குத்தான் ரொட்டி சானாய் வாங்கப் போனார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது!