புண்ணை உறிஞ்சி ஆற்றும் கட்டு

கிணற்றடியில் நீர் இறைக்கும் மிசின் பூட்டியவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். உறிஞ்சு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மிசின் காற்றைத்தான் இழுக்கும், தண்ணீர் ஏறாது. ஆறாத பெரும் புண்களுக்கு வைத்தியசாலைகளில் செய்யப்படும் ஒரு சிகிச்சையும் இதே விதியில்தான் தங்கியிருக்கிறது. எதிர்மறை அழுத்தச் சிகிச்சை என்பது அதன் பெயர். நாம் இங்கே உறிஞ்சு கட்டு என்றே சொல்வோம்.

விபத்தில் தோலும் தசையும் பிய்ந்துபோன கால், சலரோகக்காரரின் பாதத்தில் குழிவிழுந்த புண், படுக்கையில் கிடந்தவரின் முதுகுப்புண் போன்றவற்றுக்கே இது பயன்படுகிறது. முதலில் வைத்தியர் அழுகிய தசையை வெட்டி அகற்றிப் புண்ணைத் துப்புரவாக்குவார். பின்னர் துளைகள் நிறைந்த ஒருவகைப் பஞ்சைப் புண்ணின் அளவுக்கு வெட்டி உள்ளே வைப்பார்கள். அதன்மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு குழாயைப் பொருத்திச் சிறு உறிஞ்சு கருவியுடன் இணைப்பார்கள். கருவி பெரும்பாலும் 125 மில்லிமீற்றர் அளவில் இழுக்கும். நமக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லப்படும் அதே அளவுகோல்தான் இது.

இந்த இழுவையால் புண்ணில் ஊறும் நீர் வெளியேறுகிறது, வீக்கம் வடிகிறது, புண்ணின் ஓரங்கள் நடுவை நோக்கி நெருங்குகின்றன. அடியில் சிவந்த புதுத்தசை முளைக்கவும் அது தூண்டுகிறது. இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டு மாற்றினால் போதும். தினமும் மருந்து கட்டும் வேதனையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஜேர்மனியில் பிளைஷ்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரோடு பணியாற்றியவர்களும் இம்முறைபற்றி 1993இல் எழுதினர். 1997இல் அமெரிக்காவில் ஆர்ஜென்ரா, மோரிக்வாஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுகளோடு இது உலகெங்கும் பரவியது. ஆனால் கருவிக்கு மின்சாரம் வேண்டும், பணமும் வேண்டும். கூடாரத்தில் இருப்பவனுக்கு இரண்டும் ஏது?

இந்தக் கேள்வி 2010 ஜனவரி 12இல் ஹெயிட்டி நாட்டைப் பூமியதிர்ச்சி உலுக்கியபோது எழுந்தது. இடிபாடுகளில் நசுங்கிய கை கால்களோடு மக்கள் வெளியிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்த டானியல் சூரோவ்சிக் என்ற பெண் மின்சாரம் வேண்டாத ஒரு கருவியை அமைத்திருந்தார். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புகள் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் உருளை, அவ்வளவுதான். அதைக் கையால் அமுக்கிவிட்டால், மெல்ல மெல்ல விரியும்போது குழாய்வழியே உறிஞ்சும். செய்வதற்கு ஏறக்குறைய 3 டொலர்தான் செலவு. அது ஹெயிட்டியில் காயப்பட்டவர்களுக்குப் பயன்படுத்தப்பட்டது. அங்கும் பெரும் தலையிடி கருவியல்ல, ஓரங்களால் கசிந்த காற்றே. நமது கிணற்றடிக் கதைதான்!

இதை மந்திரம் என்று எண்ணவும் வேண்டாம். எலும்பு முறிந்து வெளித்தெரியும் காயமடைந்த 460 பேரை வைத்துப் பிரித்தானியாவில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. உறிஞ்சு கட்டுப் போட்டவர்களுக்கும் சாதாரண கட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு வருடத்தின் பின் நடமாட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. எல்லாப் புண்ணுக்கும் இது பொருந்தும் என்பதற்கில்லை. ஆனாலும், அரசாங்க வைத்தியசாலையில் இந்தக் கருவி இல்லை என்பதற்காகக் காணியை ஈடுவைத்து அலையுமுன், சாதாரண கட்டால் ஆறாதா என்று வைத்தியரிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சலரோகம் கட்டுப்படாவிட்டால் எந்தக் கட்டும் உதவாது. புண்ணிலிருந்து வடியும் நீரோடு உடம்பின் புரதமும் போகிறது. கிரந்தி என்று மீனையும் முட்டையையும் நிறுத்தும் நம்மவர் பழக்கம் இங்கே கேடாகவே முடியும்.

கருவியோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர் சில விடயங்களை அறிந்திருக்கவேண்டும். அமெரிக்காவில் இரண்டு வருடங்களில் 6 மரணங்களும் 77 பாதிப்புகளும் இச்சிகிச்சையோடு தொடர்புபட்டு அறிவிக்கப்பட்டதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் எச்சரித்தது. மரணங்களுக்கு முக்கிய காரணம் இரத்தப்போக்கு. ஆகவே இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லவேண்டும். குழாயில் செந்நிற இரத்தம் ஓடினால் கருவியை உடனே நிறுத்தி, கட்டைக் கழற்றாமல் அழுத்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். கருவி பழுதாகி இரண்டு மணித்தியாலத்துக்குமேல் நின்றால், உறிஞ்சாத பஞ்சு கிருமிக்கு இருப்பிடமாகிவிடும். அதை எடுத்துவிட்டு வேறு கட்டுப் போடவேண்டும். வீட்டிலே தாமாகக் குழாயும் பஞ்சும் வைத்துச் செய்துபார்ப்பது ஆபத்து.

புண்ணுக்குள் எத்தனை துண்டுப் பஞ்சு வைக்கப்பட்டது என்று தாதியிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை கட்டு அவிழ்க்கும்போது அத்தனையும் வெளியே வரவேண்டும்.