பிள்ளையின் போனில் எதுவரை பார்க்கலாம்?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பிள்ளையின் கைக்குத் தனிப்போன் வந்தது கொரோனா காலத்தில்தான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கைமாத்து வாங்கியாவது ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகும் அந்தப் போன் பிள்ளையிடமே தங்கிவிட்டது. இப்போது அதில் பூட்டு விழுந்திருக்கிறது. ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் அம்மாவுக்கும், வயலுக்குப் போய் வரும் அப்பாவுக்கும் ஒரே கவலை: பிள்ளை யாரோடு பேசுகிறது? எடுத்துப் பார்க்கலாமா, கூடாதா?

பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து பார்க்க வேண்டும். யாரோடு பேசுகிறது என்று பார்ப்பது வேறு, என்ன பேசியது என்று வரிவரியாகப் படிப்பது வேறு. முதலாவது பெற்றோரின் கடமை. இரண்டாவது, ஆபத்து தெரியும்போது மட்டும் செய்ய வேண்டியது.

இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் கொண்டுவந்த பதின்வயதுக் கணக்கு இதே கோட்டில்தான் நிற்கிறது. மேற்பார்வையை இணைத்துக்கொண்டால், கடந்த ஏழு நாட்களில் பிள்ளை யார் யாருக்குச் செய்தி அனுப்பியது என்று பெற்றோருக்குத் தெரியும். செய்தியில் ஒரு வரிகூடத் தெரியாது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாதுகாப்பைத் தளர்த்த நினைத்தால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். கூகுளின் ஃபேமிலி லிங்கும் அப்படித்தான். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று காட்டும், ராத்திரியில் போனைப் பூட்டும், புதுச் செயலி இறக்க உங்களைக் கேட்கும். செய்திகளை வாசித்துக் காட்டாது.

இதெல்லாம் போதாது, முழுக்கப் படித்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் பெற்றோரிடம் பொள்ளாச்சியை நினைவூட்டுவேன். அங்கே ஒரு கும்பல் பெண்களுக்குச் செய்த பாலியல் கொடுமை, 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. வீடியோ எடுத்து, அதை வைத்து மிரட்டியது அந்தக் கும்பல். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கும்வரைதான் இப்படி மிரட்டுகிறவனுக்குப் பலம். ஒளிந்து படித்து, கண்டதும் அடித்து, போனைப் பிடுங்கி வைக்கும் வீடு, அந்தப் பயத்தைத் தன் கையாலேயே வளர்த்து அவனிடம் கொடுக்கிறது.

ஒளிந்து படிப்பதால் பெரிதாக எதுவும் கிடைப்பதுமில்லை. வாட்ஸ்அப்பில் 24 மணி நேரத்தில் தானே அழியும் செய்தி உண்டு, உரையாடலைத் தனியாகப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஒருமுறை பிடிபட்ட பிள்ளை மறுவாரம் இவற்றைக் கற்றுக்கொள்ளும். உளவுச் செயலி போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் தயவுசெய்து வேண்டாம். எம்ஸ்பை என்ற உளவுச் செயலியின் தகவல்கள் 2015, 2018, 2024 என்று மூன்று முறை வெளியே கசிந்தன. உங்கள் மகளின் பேச்சும் படமும் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் போய் உட்காருவதைவிட, அவள் தன் தோழிக்கு அனுப்பிய செய்தி உங்களுக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

போனைக் கொடுக்கும்போதே சேர்ந்து உட்கார்ந்து சில வேலைகளை முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் குழுவில் சேர்ப்பது, முகப்புப் படம் பார்ப்பது இரண்டையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை ஒலியில்லாமல் ஆக்குங்கள். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, வேறு யாராவது அந்தக் கணக்கைத் தம் கணினியில் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒருவரைத் தடுப்பது எப்படி, புகார் செய்வது எப்படி என்று பிள்ளையையே செய்துகாட்டச் சொல்லுங்கள். கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட 2024 அசர் ஆய்வில், 14 முதல் 16 வயதுக்காரர்களில் 76 சதவீதம் பேர் சமூக ஊடகத்துக்குப் போன் பயன்படுத்தியிருந்தார்கள். படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம்தான். ஆகவே படிக்கத்தான் போன் என்று நாமே நம்பிக்கொண்டு இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் போன் வீட்டுச் சொத்து. பட்டாசாலையில் வைத்துப் பார்க்கட்டும். பத்தாம் வகுப்பில் யாரோடு பேசுகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பிளஸ் டூ வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் அந்தரங்கத்தில் காரணமின்றித் தலையிடக் கூடாது என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-ல் ஏற்றது. 18 ஆகிவிட்டால் பேச்சே வேறு. மாலை 6 முதல் 10 வரை விடுதியில் போன் கூடாது என்ற விதியை ஏற்காததால் வெளியேற்றப்பட்ட 18 வயது மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

செய்தியைப் படித்தே ஆக வேண்டிய நேரமும் வரும். சாப்பாடு குறைந்து, போன் ஒலித்தாலே முகம் வெளுத்து, காரணமில்லாமல் காசு கேட்டு, பள்ளிக்குப் போக மறுத்தால் காத்திருக்காதீர்கள். "பாப்பா, எனக்குப் பயமா இருக்கு, போனைப் பாக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள். மிரட்டலோ ஆபாசப் பேச்சோ இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படம் இருந்தால், ஆதாரத்துக்கு என்றுகூட மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புவதே குற்றமாகிவிடும். போனை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். நம் மாவட்டத்துப் போக்சோ நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையவழிப் பண மோசடிக்கும் சைபர் குற்றத்துக்கும் 1930.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: "என்ன நடந்திருந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.