கட்டுமானத் தளத்தில் காயமுற்றால்

தோட்டத்தை விட்டு, மலாக்கா தெங்கேரா போன்ற நகர்ப்புறங்களுக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் நம்மிடையே உளர். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவரிடம் குத்தகையாளர் சிறு தொகை கொடுத்து, "புகார் வேண்டா" என்று கூறக்கூடும். அதற்கு இணங்குமுன் சட்டத்தை அறிந்துகொள்வது நலம்.

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, காப்புறுதி பெற்ற தொழிலாளி வேலைக்காயத்திற்காகத் தம் முதலாளிமீது நட்டஈட்டு வழக்குத் தொடர இயலாது. அதற்கு ஈடாகச் சொக்சோ மருத்துவ உதவி அளிக்கிறது. விபத்து நாள் உட்படக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்புப் பெற்றவர்க்குக் கணிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்திற்கும், இறந்தவரின் குடும்பத்தினர்க்கும் உதவித்தொகை உண்டு. ஆகவே, விபத்தை மறைத்தால் வழக்குமில்லை, உதவித்தொகையுமில்லை என்ற நிலை நேரும்.

விபத்தை 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. உட்குத்தகையாளரிடம் பணியாற்றினாலும் சந்தாப் பொறுப்பு முதன்மை முதலாளியையே சாரும். அவர்கள் தவறினால், தொழிலாளியோ குடும்பத்தினரோ சொக்சோ அலுவலகத்தில் நேரில் முறையிடலாம். ஊன அளவு குறித்த மருத்துவ வாரியத்தின் முடிவு நிறைவளிக்காவிடில் மேல்முறையீடு செய்யலாம். முதலாளியையோ அவர்தம் பணியாளரையோ சாராத வெளியாரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணமாயின், அவர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் வழியுண்டு.

மருத்துவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சாட்சிகளின் பெயர்கள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.