தடுப்பூசி நகரில் ஒரு சொட்டு ரத்தம்

புனேயில் இப்போது மலேரியா என்றால் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, நகரின் சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் ஐவரி கோஸ்ட்டில் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். புனேவாசிகளுக்குப் பெருமைதான்.

ஆனால் அது ஐந்து மாதம் நிரம்பிய குழந்தைகளுக்கான ஊசி. அதே நகரில் பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே தகரக் கொட்டகையில் வசிக்கும் கர்ப்பிணிக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. அவருக்குக் கொசுவலையும், அரசு மருத்துவமனையின் கர்ப்பகாலப் பரிசோதனையும்தான் கதி.

கர்ப்பிணியின் உடலில் மலேரியா தனி விதமாக நடந்துகொள்கிறது. பால்சிபாரம் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் கிருமி தென்படாமல் போகலாம். உள்ளே அது பதுங்கியிருக்கும். தாய்க்கு ரத்தசோகை. சிசுவுக்குச் சத்தும் பிராணவாயுவும் குறையும். எடை குறைந்த குழந்தை, சில சமயம் கருச்சிதைவு. மலேரியா மிகுந்த பகுதிகளில் முதல் பிரசவக்காரிகளுக்கே ஆபத்து அதிகம். மலேரியா குறைந்த ஊரில் வளர்ந்தவருக்கோ எதிர்ப்புச் சக்தியே கிடையாது. காய்ச்சல் கடுமையாகத் தாக்கும்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வழி எளிது. நான்காம் மாதத்திலிருந்து, ஒரு மாத இடைவெளியாவது விட்டு, பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை மூன்று. நர்ஸின் எதிரிலேயே விழுங்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இந்தியா இதை ஏற்கவில்லை. காரணம் உண்டு: இங்கே வைவாக்ஸ் வகையும் ஏராளம், அதற்கு இந்த மாத்திரை அவ்வளவாக உதவாது. ஜார்க்கண்டில் பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகளைச் சோதித்தபோது கிருமி இருந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே. எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை என்ற வாதம் நியாயமானதே. அப்படியானால் அந்த இரண்டு பேரைக் கண்டுபிடித்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

காய்ச்சல் வந்தால் ரத்தம் சோதிப்பது வழக்கம். காய்ச்சலே இல்லாத தொற்று அந்த வலையில் சிக்காது. ஒடிசா இதைப் புரிந்துகொண்டது. எட்டாத மலைக் கிராமங்களில் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் சோதிக்கும் 'தமன்' திட்டத்தை அங்கே தொடங்கினார்கள்.

புனேயில் மலேரியா குறைவு என்பது உண்மை. ஆனால் கட்டட வேலைக்கு ஆட்கள் வருவது சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் என மலேரியா நிலைத்த மாநிலங்களிலிருந்து. வந்து சேரும் இடத்திலோ லிஃப்ட் குழியிலும் தொட்டியிலும் தண்ணீர் நிற்கிறது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபென்சி கொசுவுக்கு இதைவிட வசதியான பிரசவ வார்டு ஏது?

பிரதமர் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தில் 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி இலவசப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பார்க்க எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். அதிலேயே ஒரு சொட்டை மலேரியா அட்டையில் விட்டால் கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். ஆனால் கட்டடம் முடிந்தால் குடும்பமும் கிளம்பிவிடும். அடுத்த பரிசோதனை எந்த ஊரிலோ.

மருந்திலும் கவனம் வேண்டும். வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் தரலாம். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்குத் தரவே கூடாது. எனவே குணமான காய்ச்சல் சில வாரங்களில் திரும்பலாம். பால்சிபாரம் என்றால், முதல் மூன்று மாதங்களிலும் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அனுமதித்தது.

இவை எதற்கும் முன்னால் பதிவுச் சீட்டு எழுதுபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எந்த ஊர்? எப்போது வந்தீர்கள்?"