அடங்கிய குரோமோசோமும் தந்தையின் முத்திரையும்

செம்பருத்திச் செடியின் தண்டில் மாவு படிந்தாற்போல் ஒட்டிக்கிடக்கும் மாவுப்பூச்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். தோட்டக்காரருக்கு அது பகை. உயிரணு ஆராய்ச்சியாளருக்கோ ஆசான். சில மாவுப்பூச்சி இனங்களின் ஆண் உயிரணுக்களில், தந்தையிடமிருந்து வந்த குரோமோசோம்கள் இறுகிச் சுருண்டு செயலற்றிருக்கும். தாயிடமிருந்து வந்தவையே தொழிற்படும்.

பாலூட்டிகளிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. ஆதலின் பெண்ணின் உயிரணுவில் ஒன்று அடங்குகிறது. எலியின் ஈரல் உயிரணுக்களில் ஒற்றை எக்ஸ் இறுகியிருப்பதை ஓனோவும் அவர்தம் துணைவரும் 1959-இல் கண்டனர். சுண்டெலியின் உரோம நிறத்தை ஆராய்ந்த மேரி லயன் அம்மையார், அடங்குவது தந்தையின் எக்ஸா, தாயின் எக்ஸா என்பது உயிரணுதோறும் தற்செயலாக அமைகிறதென 1961-இல் கூறினார்.

எங்கும் தற்செயல்தானா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சரத் சந்திரா, மாவுப்பூச்சிகளை நன்கறிந்தவர். அவரும் ஸ்பென்சர் பிரௌனும், பெற்றோர்வழி பதியும் முத்திரை பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமிலும் தொழிற்படக்கூடும் என்னும் கருத்தை 1975-இல் விளக்கினர். அதே ஆண்டில் தகாகியும் சசாகியும், சுண்டெலிக் கருவைச் சூழ்ந்த சவ்வுகளில் பெரும்பாலும் தந்தையின் எக்ஸே அடங்குவதை நிறுவினர். கருவின் உடலிலோ தெரிவு தற்செயலாகவே நிகழ்கிறது.

அடங்குதல் எவ்வாறு நிகழ்கிறது? குரோமோசோமில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளைச் சுற்றியுள்ளது, இப்பின்னலே குரோமட்டின். 1991-இல் கண்டறியப்பட்ட 'எக்சிஸ்ட்' என்னும் ஜீனிலிருந்து தோன்றும் ஆர்.என்.ஏ., தான் பிறந்த குரோமோசோமையே போர்வைபோல் மூடுகிறது. பிறகு ஹிஸ்டோன்களிலுள்ள அசெட்டில் அடையாளங்கள் நீங்குகின்றன. மெத்தில் அடையாளங்கள் ஏறுகின்றன. மாக்ரோ எச்2ஏ என்னும் வேறுவகை ஹிஸ்டோனும் சேர்கிறது. இறுதியில் டி.என்.ஏ.விலும் மெத்தில் பதிந்து, அடக்கம் நிலைபெறுகிறது. ஜீனின் எழுத்து மாறுவதில்லை. ஏடு மட்டும் இறுகக் கட்டப்படுகிறது.

இது சிறு செய்தியன்று. தந்தைவழி எக்ஸில் எக்சிஸ்ட் ஜீன் நீக்கப்பட்டால் பெண் சுண்டெலிக் கரு இறந்துபடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவை ஊட்டும் நஞ்சுக்கொடி அதற்குச் சரிவர வளர்வதில்லை. தாய்வழி எக்ஸில் அதே குறை இருப்பினும் கரு பிழைக்கிறது. தந்தையின் முத்திரை உயிரையே காக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.