கார் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' சத்தமா? ஆம்ப்ளிஃபையரை மாற்றும் முன் இதைப் பாருங்க!

1972-இல் சுதந்திர வர்த்தக மண்டலம் அமைந்தது முதல் மின்னணுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது பினாங்கின் பாயான் லெப்பாஸ். கார் ரேடியோக்களும் அங்கே தயாராகியுள்ளன. ஆனால், கருவி எவ்வளவு தரமானதாக இருந்தாலும் வயரிங் சொதப்பினால் இரைச்சல்தான்.

சத்தம் என்ன சொல்கிறது?

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறினால், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் மின் அலைவுதான் காரணம். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருந்தால், அது ஆர்சிஏ கேபிள் வழியாக ஒலியில் கலந்துவிடும். இதுதான் 'கிரவுண்ட் லூப்'.

எஞ்சின் வேகம் மாறினாலும் 'உஸ்ஸ்' சத்தம் மாறவில்லையா? கெயினைக் குறைச்சுப் பாருங்க. அது வால்யூம் திருகு கிடையாது!

எப்படிக் கண்டுபிடிப்பது?

சிஸ்டத்தை ஆஃப் செய்து, ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றிவிட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் மேல் தப்பில்லை. எர்த், கேபிள், ரேடியோ மூன்றையும் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தடிமனான, நீளம் குறைந்த வயரை இறுக்கமாகப் பொருத்துங்கள். ஆர்சிஏ கேபிளும் பேட்டரி வயரும் ஒரே பக்கமாக ஓடக்கூடாது.

முக்கியமாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால், வயர் உரசி ஷார்ட் ஆகும்போது கார் தீப்பிடிக்கலாம். முதலில் அதைச் சரிபண்ணுங்க. இரைச்சலை அப்புறம் பார்க்கலாம்.