ஆப் முடங்கினால் முதலில் எதைத் தொடக் கூடாது?

சந்தை திறந்த 9:15 மணிக்கே ஆப்பில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், டிரேடிங் செய்கிறவருக்கு வேறு சிந்தனை ஓடாது. பழுது நம் போனிலா, தரகர் பக்கமா? 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி 1,379 புள்ளிகள் சரிந்தது. விற்றுத் தப்பிக்க நினைத்த பலருக்கு அன்று ஆப் சரியாக ஒத்துழைக்கவில்லை. கூட்டம் மொத்தமாகக் குவியும் நாளில் எந்த சர்வரும் திணறத்தான் செய்யும் என்பது தரகர்கள் சொல்லும் பதில். இருக்கட்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிதுதான். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். அதே கணக்கை பிரவுசரில் திறந்து பாருங்கள். சந்தையின் இணையதளத்தில் விலை அசைந்துகொண்டிருந்து, உங்கள் திரை மட்டும் உறைந்திருந்தால் தரகர் பக்கம்தான் கோளாறு. இரண்டுமே அசையவில்லையா? 2021 பிப்ரவரி 24 போன்ற நாளாக இருக்கலாம். அன்று தேசிய பங்குச் சந்தையே (என்எஸ்இ) காலை 11:40-க்கு நின்று, மாலை 3:45-க்குத்தான் மறுபடி திறந்தது. பழுதுப் புகார்களை எண்ணிச் சொல்லும் தளங்களும் உண்டு. ஆனால் 2025 நவம்பர் 18-ல் இணையக் கட்டமைப்பு ஒன்று விழுந்தபோது அப்படிப்பட்ட தளமே கூடச் சேர்ந்து படுத்துவிட்டது!

பழுது என்று உறுதியானதும் பலரும் செய்வது, 'செல்' பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவது. பதில் வராவிட்டாலும் முதல் ஆர்டர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இன்ட்ராடேயில் 200 பங்கு வைத்திருப்பவர் இரண்டு முறை அழுத்தி இரண்டும் நிறைவேறினால், கையில் இல்லாத 200 பங்கை ஷார்ட் அடித்தவர் ஆகிவிடுவார். விலை ஏறினால் நஷ்டம் அவர் தலையில். ஆர்டர் புக்கைப் பார்க்காமல் இரண்டாவது முறை அழுத்தவே கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பதற்றத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று கூகுளில் தேடுவது. மேலே வந்து நிற்கும் எண் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். "சார், உங்க ஆர்டர் சிக்கியிருக்கு, இந்த ஆப்பைப் போடுங்க, நானே எடுத்து விடறேன்" என்பான். அது உங்கள் திரையை அவன் பார்ப்பதற்கான ஆப். அடுத்து ஓடிபி கேட்பான். டிரேடிங் ஆப் மறுபடி இயங்கத் தொடங்கும்போது வங்கிக் கணக்கு காலியாகியிருக்கும்.

ஆப் பழுதுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும் கோளாறை ஒரு மணி நேரத்துக்குள் தரகர் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; 2026 ஜனவரியில் அந்த அவகாசம் இரண்டு மணி நேரமானது. தரகரின் மெயின் சர்வரும் மாற்று ஏற்பாடும் சேர்ந்தே விழுந்தால், திறந்திருக்கும் பொசிஷனை முடித்துக்கொள்ள 'ஐஆர்ஆர்ஏ' என்ற தளமும் 2023 அக்டோபரில் வந்தது. புதிதாக வாங்க அதில் வழியில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கான லிங்க் எஸ்எம்எஸ்ஸிலும் மெயிலிலும் வரும், ஓடிபியும் உண்டு. போலி லிங்க் அனுப்புகிறவனுக்கு இதைவிட நல்ல வேஷம் கிடைக்குமா?

தரகரின் போன் எண் உங்கள் கான்ட்ராக்ட் நோட்டிலேயே இருக்கிறது. சந்தை மூடியிருக்கும் நேரத்தில் அதைப் போனில் சேமித்து வையுங்கள். பழுதான நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் புகாருக்கு உதவும். மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.